மேனேஜர் பேருல ஒரு ஹாஸ்டல்

ஞாயித்துக்கெழமை பூசையில "ஆமென்" சொன்னாக்கூட ஞானப்பிரகாசம் கைய மடக்கி மேல தூக்கித்தான் சொல்லுவாரு. பங்குச் சாமியாரும் சொல்லிச் சொல்லிப் பாத்து விட்டுட்டாரு. கடலூர்ல ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு முப்பது வருஷம் யூனியன் தலைவரா இருந்த ஆளு, கை சும்மா இருக்குமா?

வெறும் கத்துற பார்ட்டின்னு நெனச்சிடாதீங்க. சுனாமி வந்தப்ப தேவனாம்பட்டினத்துல அண்டா அண்டாவா சோறு வடிச்சது இவரு யூனியன். ரேஷன் கார்டா, ஸ்கூல் சீட்டா, புருஷன் குடிச்சிட்டு அடிக்கிறானா, ஜனங்க வந்து நிக்கிறது இவரு வாசல்லதான். சம்சாரம் ஆரோக்கிய ராணி, "எனக்கும் ஒரு கொற இருக்கு தலைவரே, நானும் வரிசையில நிக்கட்டுமா?"ன்னு கேக்கும்.

ரிட்டயர் ஆயும் ஒரு வேலை மட்டும் அவர அரிச்சிக்கிட்டே இருந்துச்சு. தொழிலாளி வீட்டுப் பொண்ணுங்க சிதம்பரம் காலேஜுக்குத் தெனம் பஸ்ஸுல நசுங்கிப் போய் வந்து, முடியாம படிப்ப நிறுத்துதுங்க. கம்பெனி பாய்லர்ல வெந்து செத்த ஆண்ட்ரூ மவ நித்யா மேரியும் நிறுத்தப்போறேன்னு வந்து நின்னுச்சு. "ஒம்பொண்ணப் படிக்க வெப்பேன்டா மச்சான்"னு ஆண்ட்ரூ கல்லறையில நின்னு சொன்ன மனுஷன் இவரு. எப்பிடியாவது ஒரு ஹாஸ்டல் வேணும்.

கெடச்சுது. எங்கேருந்து கெடச்சுதுங்கிறதுதான் கூத்து. சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் மாடி வீடு, பார்வதம் அம்மாளோடது. அந்தம்மா வீட்டுக்காரர் பஞ்சநாதம் இதே கம்பெனிக்கு மேனேஜரா இருந்து, செத்துப்போயி ஆறேழு வருஷம் ஆச்சு. ஞானப்பிரகாசம் தொண்ட கிழிய "ஒழிக" போட்டதெல்லாம் அந்த மனுஷனுக்குத்தான். அவரு கொடும்பாவிய எரிச்சப்ப, அதுக்குத் தன்னோட பழைய பேன்ட்டையே குடுத்த புண்ணியவான் இவரு! புள்ளகுட்டி இல்லாத அந்தம்மா வீட்ட இனாமாத் தர்றேன்னுச்சு. ஒரே கண்டிஷன், வாசல்ல வீட்டுக்காரர் பேரு இருக்கணும்.

யூனியன் கமிட்டியில பழைய தொழிலாளி பழனிவேல் எகிறிக் குதிச்சாரு. "மேனேஜர் பேரா? நம்ம மானம் என்னாவறது?"

"ராவுல அந்தப் புள்ளைங்க ஒன் மானத்த விரிச்சா படுக்கும்? உக்காருய்யா!"ன்னு தலைவர் ஒரு அதட்டுப் போட்டாரு. அதட்டிட்டாரே தவிர, அன்னிக்கு அவருக்கே சோறு எறங்கல.

திறப்பு விழாவுல சாவிய மேடையில வெச்சுத்தான் தருவேன்னு அந்தம்மா சொல்லியிருந்துச்சு. பேச வேண்டியது தலைவரு. ஆலப்பாக்கம் தாண்டினதுலேருந்து வேன்ல "பஞ்சநாதம் வாழ்க, பஞ்சநாதம் வாழ்க"ன்னு வாய்க்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டு வந்தாரு.

"செபமாலைய ஒரு நாளாவது இவ்ளோ பக்தியா சொல்லியிருப்பியா?"ன்னுச்சு ஆரோக்கிய ராணி.

கீழ உக்காந்திருந்தது பூரா பழைய தொழிலாளிங்க. மொத வரிசையில நித்யா மேரி, மடியில துணிப்பையோட. போர்டுத் துணிய இழுத்துவிட்டுட்டு தலைவர் மைக்கப் புடிச்சாரு. "நம்ம அய்யா பஞ்சநாதம்..."னு ஓங்கிச் சொல்லி மூச்சு வாங்க நிறுத்தினாரு பாருங்க, கை தானா மடங்கி மேல போயிடுச்சு.

அவ்ளோதான். "ஒழிக! ஒழிக!"ன்னு மொத்தக் கூட்டமும் எகிறுச்சு. பழனிவேல் சேர் மேலயே ஏறிட்டாரு. அத விடக் கொடும, தலைவரும் சேந்து "ஒழிக" போட்டுட்டாரு. நாலஞ்சு தடவ போட்டப்புறம்தான் ஒறைச்சுது. ஆரோக்கிய ராணி முந்தானைய எடுத்து மொகத்த மூடிக்கிச்சு. நித்யா மேரி பையத் தூக்கிக்கிட்டு எழுந்துடுச்சு, கெளம்ப வேண்டியதுதான்னு.

"அம்மா... பழக்க தோஷம்மா... கால்ல வேணா விழுறேன், சாவிய மட்டும்..." தலைவருக்கு வாய் கொழறுச்சு.

பார்வதம் அம்மா எழுந்து வந்து மைக்க வாங்கிச்சு.

"நாங்க கம்பெனி குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப இந்தச் சத்தம் கேட்டாத்தான் அடுப்புல பால் வெப்பேன். கத்தி முடிச்சா கூட்டம் கலைஞ்சிடும், அவர் வீட்டுக்கு வந்துடுவாருன்னு தெரியும். அவர் போனதுலேருந்து அவர் பேரை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லலீங்க. சொந்தக்காரங்ககூட 'அவரு'ங்கிறாங்க, 'பாவம்'ங்கிறாங்க. இன்னிக்குத்தான் காது குளிரக் கேட்டேன்."

நித்யா மேரியக் கூப்பிட்டு அது கையில சாவியக் குடுத்துச்சு. மைக்கத் தலைவர்கிட்ட நீட்டுச்சு. "வாழ்கவோ ஒழிகவோ, உங்க இஷ்டம். பேரை மட்டும் இன்னொரு தடவ அதே மாதிரி சொல்லுங்க."

"பஞ்சநாதம்"னாரு தலைவரு. அடுத்த வார்த்தைக்கு வாயத் தொறந்தாரு, அழுகதான் வந்துச்சு. கீழ அத்தன பேரும் மடக்கின கையத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு, என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னாங்க.