அடுத்த வருஷம் எழுதலாம்

வேனிலிருந்து நாற்காலிகளை இறக்கி வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார் வாத்தியார். அவருடைய பயிற்சி மையத்து நாற்காலிகள்; வலது கைப்பக்கம் எழுதுவதற்குப் பலகை வைத்தவை. சாவு வீட்டுக்கு வாடகை நாற்காலி சொல்லலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வேன்காரரோடு சேர்ந்து தானும் தூக்கி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கைநீளம் இடைவெளி விட்டு, முன்னால் இருப்பவர் முதுகுக்கு நேர் பின்னால் யாரும் வராதபடி தள்ளித் தள்ளிப் போட்டார். அக்காவின் மகள் வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"மாமா, இங்க யாரும் யாரையும் பாத்து எழுதப் போறதில்ல. கொஞ்சம் நெருக்கிப் போடுங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அட கடவுளே என்று தலையில் தட்டிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி இழுத்துப் போட்டார். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வாண்டுக்குக் கல்யாண வயதாகிவிட்டது. அம்மாவோடு சேர்ந்து அவளும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். இராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததில் கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

உள்ளே முன்னறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். அத்தான் தலைமாட்டில் உட்கார்ந்து, ஈயே இல்லாத இடத்தில் கைக்குட்டையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

நேற்றுப் பிற்பகல் வரை நன்றாகத்தான் இருந்தாள். டிரைவிங் ஸ்கூல் காரில் ஒரு பேங்க் கேஷியர் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், தலையைப் பிடித்துக்கொண்டு, "ஓரமா நிறுத்துங்க. இண்டிகேட்டர் போட்டுட்டு நிறுத்துங்க" என்றாளாம். கேஷியர் அம்மா இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஒழுங்காக நிறுத்திவிட்டு, "சரியா மேடம்?" என்று கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. ஏதோ தப்புச் செய்துவிட்டோம், கோபம்போல என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அந்த அம்மாளும் பேசாமல் இருந்திருக்கிறார். வருகிற ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிச் சொல்லி அழுதார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

தெருவே அக்காவை வக்கீலம்மா என்றுதான் சொல்லும். சட்டம் படித்தவள் என்பதால் அல்ல, வாயால் வந்த பேர். போக்குவரத்துப் போலீஸ்காரருக்கே விதியை ஒப்பித்துக் காட்டி, அவரை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டு வந்தவள். தண்ணீர் வராத நாளில் மாநகராட்சி அலுவலகத்துக்கு அவளை அனுப்பிவிட்டு மற்றவர்கள் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் போனால் தண்ணீர் வந்தே தீரும். சட்டக் கல்லூரியில் சேர வயது வரம்பை எடுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்த அன்றே தம்பி வீட்டுக்கு வந்து, சமையலறை மேசை முன்னால் நாற்காலியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் சொல்லிக்குடுடா. ஓசியிலேயே வக்கீல் வேலை பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

தம்பிக்கு அதுதான் தொழில். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பையன்களையும் பெண்களையும் தயார்செய்வது. அவருக்குப் பையன்கள் வைத்த பேர் நிதானம் சார். எடுத்தவுடன் மாதிரித் தேர்வாக எழுதித் தள்ளக் கூடாது, ஒன்று எழுதினால் அதை அலசி ஆராய்ந்து, பத்து பதினைந்து நாள் விட்டுத்தான் அடுத்தது, எல்லாப் புதுத் தாளையும் முன்கூட்டியே தீர்த்துவிட்டால் கடைசியில் தன்னை அளந்து பார்க்கத் தாளே இருக்காது என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். தேர்வுக்குள்ளேயும் அதே பாடம்தான். வராத கேள்வியோடு மல்லுக்கு நிற்காதே, விட்டுவிட்டு மேலே போ, கடைசியில் திரும்பி வர நேரம் இருக்கும்.

அக்காவுக்கு அந்த விட்டுவிட்டுப் போவதுதான் ஆரம்பத்தில் வரவே இல்லை. சைக்கிளை இரவல் வாங்கியவன் அதை இன்னொருவனுக்கு இரவல் கொடுத்து, அவன் உடைத்துவிட்டால் யார் பொறுப்பு என்று ஒரு கேள்வி. அலாரம் மணி அடிக்கும்வரை அதிலேயே நின்றாள்.

"இதுக்கு நாலு விடையும் தப்புடா. குடுத்தவன் வீட்டுல பொண்டாட்டி வேணாம்னு சொல்லியிருப்பா. அவ பேச்சைக் கேக்காம குடுத்தான் பாரு, அவன்தான் பொறுப்பு."

"அக்கா, பொண்டாட்டியே கேள்வியில இல்ல."

"அதான் நானும் சொல்றேன். ஏன் இல்ல?"

அப்படி இருந்தவள் போகப்போகப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு எங்கே வேகம், எங்கே நிதானம் என்று தெரியாதா என்ன? கடைசியாக எழுதிய தாள்களில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே பேனாவை மூடிவிட்டு, தம்பி மனைவியோடு கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள். "இன்னொன்னு குடுடா, சும்மாதானே இருக்கேன்" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "அவசரப்படாதக்கா, புதுத்தாளை வீணாக்கக் கூடாது" என்று அவர் பீரோவைப் பூட்டிவிடுவார்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கியபோது அவரிடம் வந்து நின்றாள். அவளுடைய மதிப்பெண் அவருக்கு மனப்பாடம். அதைவிடக் குறைவாக எடுத்த பிள்ளைகளை முதுகில் தட்டி, தைரியமாகப் போய் எழுது என்று அனுப்பிக்கொண்டிருந்தவர் அக்காவிடம் சொன்னது வேறு.

"இந்த வருஷம் வேணாம்க்கா. இன்னும் கொஞ்சம் பக்குவம் வரட்டும். அடுத்த வருஷம் எழுதலாம்."

அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஊரையே ஒரு கை பார்க்கிறவள், "சரிடா. நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

ஏன் அப்படிச் சொன்னார்? உண்மையைச் சொல்லித் தொலைப்போமே. அவள் எழுதித் தோற்றால், சொந்த அக்காவையே தேற்ற முடியாதவன் நம் பிள்ளையை எங்கே தேற்றப் போகிறான் என்று நாலு பேர் பேசுவார்கள். அவள் எழுதித் தேறிவிட்டாலோ, அது அதைவிடக் கஷ்டம். இதே தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டைவிட்ட பிறகுதான் அவர் அதைச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஆனார். இதெல்லாம் அவர் தனக்குத்தானே இப்படிக் கோவையாகச் சொல்லிக்கொண்டதில்லை. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போனபோது மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, அவ்வளவுதான் அன்றைக்கு அவருக்குத் தெரியும்.

அந்தத் தேர்வு இன்றைக்கு. அக்காவைத் தூக்கப்போகிற இன்றைக்கு.

காலையிலிருந்து சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நாற்காலி வேலை முடிந்ததும் பின்கட்டுக்குப் போய் எடுத்தார். ஆமை. அவருடைய மாணவன். எதையும் மெதுவாகச் செய்கிற பையன், அதனால் அந்தப் பேர். அவனே அதைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்வான்.

"சார், ஹால் வாசல்ல நிக்கிறேன். பயமா இருக்கு சார். நேத்துப் படிச்சதெல்லாம் மறந்துபோச்சு."

"ஒண்ணும் மறக்காது. தண்ணி குடி. மொதல்ல தெரிஞ்சதைப் போடு. வராததை விட்டுட்டுப் போ, அப்புறம் வந்து பாத்துக்கலாம்."

"ஏன் சார் மெதுவாப் பேசறீங்க? உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. நீ போ. தைரியமா எழுது."

திரும்பினால், வாண்டு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பையனுக்கு சீட்டு வருமா மாமா?"

"வந்தாலும் வரும்."

"அம்மா எழுதியிருந்தா அம்மாவுக்கு வந்திருக்குமா?"

சும்மா கேட்பது மாதிரிதான் கேட்டாள். ஆனால் வாளி நிரம்பி வழிந்தும் குழாயை மூடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்திருக்கும் என்றால், அப்புறம் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்பதுதானே அடுத்த கேள்வி? வந்திருக்காது என்றால், செத்துக் கிடக்கிறவளைப் பற்றி இன்னொரு பொய். முன்னால் யாரோ, "வாத்தியாரே, வண்டி வந்திருச்சு" என்று கூப்பிட்டார்கள். தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினார்.

ஆனால் கேள்வி அவர் கூடவே வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அந்த எழுதுபலகையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு அக்காவைப் பற்றித்தான் பேசினார்கள். "வக்கீலுக்குப் படிக்கிறேன்னு சொல்லிட்டிருந்தாங்களே, என்னாச்சு?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்டார். "அடுத்த வருஷம் எழுதறதா இருந்தா" என்று அத்தான் உள்ளேயிருந்தே பதில் சொன்னார். "தம்பிதான் சொன்னான், அவசரப்பட வேணாம்னு. அவனுக்குத் தெரியாதா?" அதில் குத்தல் துளிகூட இல்லை. அத்தானுக்குக் குத்திப் பேசவே வராது. வீட்டில் அந்த வேலையையும் சேர்த்து அக்காவே பார்த்துக்கொண்டாள்.

வாத்தியார் எழுந்துபோய் ஏற்கனவே நேராக இருந்த நாற்காலியை நேராக்கினார்.

தூக்கும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. கனமே இல்லை. இவ்வளவு சத்தம் போட்டவள் இவ்வளவு லேசாகவா இருந்தாள்? வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். யாரோ தோளைப் பிடித்து, "நீங்களே இப்படி உடைஞ்சா எப்படி வாத்தியாரே" என்றார்கள்.

மின்மயானத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். இவர்களுக்கு முன்னால் வேறொரு குடும்பம். சுவரோரம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மறுபடி ஆமை கூப்பிட்டான். எடுக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தார்.

"சார், முடிச்சிட்டேன் சார்! நீங்க சொன்ன மாதிரியே வராததை விட்டுட்டுப் போயிட்டேன். கடைசியில திரும்பி வந்தப்ப நேரம் இருந்துச்சு சார். எல்லாத்தையும் போட்டுட்டேன்!"

"நல்லதுப்பா" என்றார் வாத்தியார். "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

உள்ளே கதவு திறந்தது. அக்காவின் பேரைப் படித்தார்கள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அத்தானை அவருடைய சிநேகிதர் ஒருவர் முன்னாலேயே கூட்டிப் போய்விட்டார். டிரைவிங் ஸ்கூல் காரைத்தான் வாண்டு எடுத்து வந்திருந்தாள். எப்போது இந்தக் காரில் ஏறினாலும் பின்னால்தான் உட்காருவார் வாத்தியார், முன்னிருக்கை அக்காவுடையது. இன்றைக்குப் பின்னால் யார் யாரோ கொண்டுவந்த பைகளும் ஈரத் துணி மூட்டையும் அடைத்துக் கிடந்தன. "முன்னால வாங்க மாமா" என்றாள் வாண்டு.

வாண்டு அம்மா மாதிரியே ஓட்டினாள், கண்ணாடியை அடிக்கடி பார்த்துக்கொண்டு. சந்தைக்குப் போகிற சாலையில் திரும்பியதும் வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"வந்திருக்கும்."

"என்ன மாமா?"

"காலையில கேட்டியே. அம்மாவுக்கு வந்திருக்கும். இந்த வருஷமே வந்திருக்கும். எனக்கு அப்பவே தெரியும்."

சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். திட்டட்டும், கத்தட்டும், காரை நிறுத்தி இறங்கச் சொல்லட்டும் என்று இருந்தது அவருக்கு. வாண்டு கியரை மாற்றினாள்.

"அம்மாவுக்கும் தெரியும் மாமா."

அவர் திரும்பினார்.

"நான்தான் அன்னைக்கு எரிஞ்சு விழுந்தேன். ஊர்ல எல்லார்கிட்டயும் சண்டை போடறியே, மாமாகிட்ட மட்டும் ஏம்மா வாயைத் தொறக்கலன்னு கேட்டேன்." கண்ணாடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "'அவன் மூணு வாட்டி எழுதியும் வராம போன பரீட்சைடி அது. நான் மொத வாட்டியே போய் வாங்கிட்டு வந்தா அவன் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுப்பான்? ஒரு வருஷம்தானே, போகட்டும். அவனே எழுதுக்கான்னு சொல்லுவான் பாரு'ன்னாங்க."

கார் குலுங்கி நடுச் சாலையில் நின்றது. வாண்டின் நெற்றி ஸ்டியரிங்கில் இடிக்காத குறை. பின்னால் வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. என்ன ஆயிற்று என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு குனிந்து பக்கத்து இருக்கையின் கீழே பார்த்தாள். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கென்று அந்தப் பக்கமும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். வாத்தியாரின் வலது கால் அதன் மேல், முழங்கால் விறைக்க, அழுத்தியபடியே இருந்தது.

"மாமா, அது பிரேக்கு. காலை எடுங்க."

அவர் காலை எடுத்தார். வண்டி கிளம்பியது. எடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், இரண்டு கால்களையும் மடக்கி இருக்கைக்கு மேலேயே வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.