தட்டினால் இறங்கும் ஊசி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பார்கள். மூக்கு வரைக்கும் வந்து அது எங்கே காத்திருந்தது? நேராக வாய்க்கே வந்துவிடும்.

என் படகில் ஒரு நடைக்கு அறுபது பேர் ஆற்றைக் கடப்பார்கள். இன்ஜின் சூட்டைக் காட்டும் பழைய கேஜ் ஒன்று சுக்கானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வழக்கமாக எழுபதைத் தாண்டாத அதன் ஊசி, மூன்று வாரமாக நடு ஆற்றில் எண்பது டிகிரி வரைக்கும் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஸ்பேனர் பிடியால் கண்ணாடியில் ஒரு போடு போடுவேன். ஊசி இறங்கும்.

"பாத்தியாடா, சும்மா பூச்சாண்டி காட்டுது" என்பேன் கிரீஸிடம். கிரீஸ் என் இன்ஜின் ஆள். எந்நேரமும் கைகளில் கிரீஸ் என்பதால் அந்தப் பெயர். ஒருநாள் அவன், "அண்ணே, ஏதோ கருகற வாடை வருது" என்றான். "உன் பீடி வாடைடா அது!" என்று நான் பாய்ந்த பாய்ச்சலில் அறுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு வாடையே வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கேஜைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி முன்னறையில் தராசு, கடிகாரம், பிரஷர் மீட்டர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவள்.

"இது செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கறேன்."

"புதுசு வாங்கினா அதையும் தட்டுவீங்க" என்றாள். "இருங்க. நாளைக்குக் காலைல அறுபது பேர ஏத்தப் போறீங்க. கேஜுக்குக் கோளாறா, இன்ஜினுக்குக் கோளாறான்னு தெரியாம எப்படி ஏத்துவீங்க?"

நடு ஆற்றில் இன்ஜின் நின்றால் நீரோட்டம் படகை நேரே பாலத்துத் தூணில்தான் கொண்டுபோய் மோதும்.

அவள் லென்ஸை எடுத்து வலது கண்ணில் பொருத்திக்கொண்டாள். இருபது வருஷமாக இடது கண்ணில்தான் வைப்பாள். கவனித்தேன். ஆனால் என் கவலை எனக்கு, கேட்கவில்லை.

கேஜின் பின்னாலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று நீளும். அதன் முனையில் ஒரு குமிழ். அந்தக் குமிழ்தான் இன்ஜின் தண்ணீரில் முங்கிச் சூட்டை உணர்வது. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அவள் குமிழை அதில் இறக்கினாள்.

"கொதிக்கிற தண்ணி நூறு. அத யாரும் மிரட்டி மாத்த முடியாது."

ஊசி ஏறியது. எண்பதில் நின்றுவிட்டது.

"நான்தான் சொன்னேனே, கோளாறுன்னு!" என்று தொடையைத் தட்டினேன்.

"கோளாறுதான். எந்தப் பக்கம்னு பாருங்க."

பார்த்தேன். மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆனது. அப்படியென்றால், ஊசி எண்பது காட்டியபோது என் இன்ஜினில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. அறுபது பேரை மேலே உட்காரவைத்துக்கொண்டு!

"அச்சுல ஊசி நழுவியிருக்கு. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா" என்றாள். "முதல்ல சரியாத்தான் சொல்லியிருக்கும். நீங்க போட்ட போட்டுல, உங்களுக்குப் பிடிச்சதச் சொல்ல ஆரம்பிச்சிருச்சு."

ஊசியைக் கழற்றி, கொதிநீரில் குமிழ் இருக்கும்போதே நூறுக்கு நேராக வைத்து அழுத்தினாள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டாள். இரண்டும் ஒன்றாக நின்றன.

படகுத்துறைக்கு ஓடினேன். கிரீஸும் நானும் கேஜை மாட்டி, படகைக் கட்டிவைத்தபடியே இன்ஜினை ஓடவிட்டோம். ஊசி விறுவிறுவென்று ஏறியது. நிறுத்தி, ஆறவிட்டு, இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்பைத் திறந்தால் உள்ளே ஆறு ரப்பர் இதழ்களில் மூன்று பிய்ந்து கிடந்தன.

"எனக்கு அப்பவே சந்தேகம்ணே" என்றான் கிரீஸ்.

"ஏன்டா மறுபடி சொல்லல?"

அவன் என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். நான் அதைக் கீழே வைத்தேன். நாளை படகு ஓடாது என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அந்த லென்ஸ்தான் ஞாபகத்தில் இருந்தது.

அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லென்ஸ் ஏன் கண்ணு மாறுச்சு?"

"ஒண்ணுமில்லையே."

"கத்தமாட்டேன். சொல்லு."

துணியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். "இடது கண்ணுல நடுவுல ஒரு கருப்பு நிக்குது. எழுத்து தெரியல. எட்டு மாசமாச்சு."

"எட்டு மாசமாவா? ஏன்டி என்கிட்ட..."

என் குரல் எவ்வளவு உயர்ந்ததென்று எனக்கே தெரியாது. ஆனால் அவள் முகம் மாறிவிட்டது.

"எட்டு மாசம்லாம் இல்ல, கொஞ்ச நாளாத்தான்" என்றாள் அவசரமாக. "இப்ப எவ்வளவோ தேவல. தூசி ஏதாவது விழுந்திருக்கும்."

ஊசி இறங்கிவிட்டது. என் கண்ணெதிரே, ஒரே அதட்டலில் இறங்கிவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். பிறகு கையை எடுத்தேன்.

"நீ முதல்ல சொன்னியே, அதையே சொல்லு" என்றேன்.