துண்டுக்குள் ஒரு ஜெர்மன் கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் போடி ஏலக்காய் வியாபாரி காசிராஜனுக்கு ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு வினைச்சொல் தெரியும். ‘நேமன்’. எடுப்பது என்று பொருள். சொல்லிக் கொடுத்தவர், ஜெர்மனி ஆஸ்பத்திரியிலிருந்து லீவில் வந்த மலையாள நர்ஸ் அன்னம்மா.

“நீங்க துணி எடுக்கப் போறோம்னு சொல்றதில்லையா சேட்டா, அதுமாதிரிதான். கடையில அவங்க வாங்குறேன்னு சொல்றது கம்மி. ‘நேமெ’ன்னுதான் சொல்லுவாங்க. அது வர்ற வரைக்கும் சிரிப்பெல்லாம் வெறும் சிரிப்பு. வந்தாலும் விரல் எதைக் காட்டுதுன்னு பாக்கணும்.”

வெர்னர் என்ற ஜெர்மன்காரர் சரக்குப் பார்க்க வந்த அன்று, காசிராஜன் கடையில் மூட்டைகள் தேங்கிக் கிடந்தன. மழை பிடித்துவிட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும். அப்புறம் யாரும் சீந்தமாட்டார்கள். விருதுநகர் வியாபாரி பிச்சைமணி மட்டும் காலையில் அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டு, வாசல் பெஞ்சில் மதுரை பஸ்சுக்குக் காத்திருந்தார்.

வெர்னர் காயை மோந்தார், கடித்தார், சிரித்தார். காசிராஜன் தோள்துண்டை விரித்து அவர் கையை உள்ளே இழுத்தார். அங்கே விலையை வாயால் பேசுவதில்லை; துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவது. விரல் கூடக்கூட விலையும் கூடும். வெர்னர் அதை ஊர் மரியாதை என்று நினைத்து, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார். விடவேயில்லை.

“அஞ்சையும் பிடிச்சிட்டாருடி, செல்லத்தாயி. வெரசா லோடு ஏத்தச் சொல்லு.”

“ஏத்துறது இருக்கட்டும்ங்க,” என்றாள் மனைவி. “அன்னம்மா சொன்ன சொல்லு வந்துச்சா?”

வரவில்லை. காசிராஜன் கையை உருவிக்கொண்டு கேட்டார்: “நேமன்?”

வெர்னர் முகம் மலர்ந்தது. “யா, யா. தாஸ் நேமெ இஷ்.”

சொல் வந்துவிட்டது. காசிராஜன் விரலைத் தேடினார். அது மாதிரிக்குக் கட்டிய காகிதப் பொட்டலத்தைக் காட்டியது. ஒரு பிடி காய். வெர்னர் அதற்குக் காசு கொடுத்து, கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

பிச்சைமணி உள்ளே வந்தார். “என்னண்ணே, மொத்தத்தையும் தூக்கிட்டானா?”

“இல்ல மாப்ளே. ஒரு பொட்டலம்.”

“யாருகிட்ட? துண்டுக்குள்ள அந்தக் கை ஆடுன ஆட்டத்தப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

“சத்தியமா ஒரு பொட்டலந்தாம்ப்பா.”

ஏலக்காய் வியாபாரி சத்தியம் செய்ததும் பிச்சைமணிக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துவிட்டது. தெருமுனையில் மதுரை பஸ்சு ஹார்ன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டைத் தானே விரித்து, காலையில் பிடித்த இரண்டு விரலோடு மூன்றாவதையும் பிடித்தார்.

காசிராஜன் அசையாமல் நின்றார். நாலாவதும் வந்தது.