மாமியாருக்கு இடமில்லை

மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியில் சர்வர் கம்ப்யூட்டர்களையெல்லாம் உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பேருந்து டிக்கெட் பதிவு செய்து கொடுக்கும் கம்பெனி அது. உள்ளறைக் குளிரில் வரிசையாக நிற்கும் அந்தப் பெட்டிகளுக்கு முன்பு எழுத்தும் எண்ணுமாகப் பெயர் இருந்தது. ஒருநாள் யாரோ ஓர் எண்ணை மாற்றிப் படித்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிடுங்கிவிட்டார்கள். டிக்கெட் கிடைக்காமல் ஊரே திட்டித் தீர்த்தது. அன்றைக்கே மாப்பிள்ளை உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் குணத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார். எல்லா பாரத்தையும் சுமப்பது மூத்த மருமகள். அவசரத்துக்கென்று வாங்கி வைத்து, அவசரத்தில் ஒருநாளும் எழுந்திருக்காதது சித்தப்பா. இவர்கள் எல்லோரையும் கவனித்துக்கொள்வது மாமியார்.

வேறு என்ன பெயர் வைப்பது? அது தன் பங்குக்கு ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. நாள் முழுக்க ஒவ்வொருவரிடமும் போய் "இருக்கியா?" என்று கேட்கும். "இருக்கேன்" என்று பதில் வரவேண்டும். பதில் கொஞ்சம் இழுத்தால் போதும், எல்லோருக்கும் செய்தி அனுப்பி மானத்தை வாங்கிவிடும். ஆனால் அந்தத் தொணதொணப்பால்தான் கம்பெனி பிழைத்தது. மூத்த மருமகளுக்கு மூச்சு வாங்குகிறது என்று அது முந்திச் சொல்வதால்தான், அவள் மயங்கி விழுவதற்குள் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்க முடிந்தது.

நிஜ மாமியார் அப்போது வீட்டில் இருந்தார். தனியாக இருந்த அம்மாவை மகள்தான் அழைத்து வந்திருந்தாள். இங்கேயே தங்கிவிடும்படி கெஞ்சிக்கொண்டும் இருந்தாள். "மாப்பிள்ளை அவர் வாயால 'இருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இருக்கேன்" என்று மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கும் அவர் இருக்கவேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் என்ன செய்வது, அவருக்கு மிஷினோடு பேச வரும், மனிதர்களோடு பேசச் சொன்னால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். இதற்குள் நாள் ஓடிவிட்டது. அன்று சாயங்காலம் மாமியாரின் மூத்த மகன் காரில் வந்து அம்மாவைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. சோபா பக்கத்தில் பெட்டி கட்டித் தயாராக நின்றது.

காலையில் மாமியார் வழக்கம்போல வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மாப்பிள்ளை, ஃப்ரிட்ஜ் சத்தம் மாறியிருக்கு. கொஞ்ச நேரம் அணைச்சு வைங்க."

விளக்கோ விசிறியோ, அவருக்கு எல்லாமே 'அணை'தான். மாப்பிள்ளைக்குச் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் இதுதான் சமயம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அத்தை..."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"தண்ணி."

குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். மனைவி கதவருகில் நின்று பார்த்த பார்வையை அவர் பார்க்காததுபோல் செருப்பை மாட்டினார்.

அன்று அவருக்கு ஒரே ஒரு வேலை. மாமியார் சர்வர் அனுப்பும் எச்சரிக்கைச் செய்திகள் இதுவரை மின்னஞ்சலில் வந்து, சில சமயம் படிக்க ஆளில்லாமல் கிடந்தன. அவற்றை நேராகக் கைப்பேசிக் குழுவுக்குத் திருப்பிவிட வேண்டும். வாசகங்களையும் அவரே தமிழில் எழுதினார். மாமியார் என்று பெயர் வைத்துவிட்டு 'அது இது' என்றால் நன்றாயிருக்காது என்று மரியாதை விகுதியெல்லாம் போட்டார். மாமியாரே படுத்துவிட்டால் யார் சொல்வது என்று யோசித்து, அந்தப் பொறுப்பை, சும்மா கிடந்த சித்தப்பாவிடம் ஒப்படைத்தார். கடைசியில் எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்று கம்ப்யூட்டர் கேட்டது. அலுவலகக் குழுவின் பெயர் 'குடும்பம்'. தேடி, அழுத்தி, முடித்தார்.

வீட்டுக் குழுவின் பெயரும் 'குடும்பம்'தான் என்பது அந்த நேரத்தில் அவர் மண்டையில் ஏறவில்லை.

மதியம் வரை அலுவலகக் குழுவில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. மாப்பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்து, "பாத்தீங்களா, எவ்வளவு அமைதி" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் பெருமை பேசினார். மாமியார் சத்தமே போடவில்லை என்றால் என்னவோ நடக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தவருக்கு இது தெரிய வேண்டாமா? வீட்டுக் குழுவையோ, காலை வணக்கப் பூக்கள் தாங்காமல் எப்போதோ சத்தம் வராமல் வாயடைத்து வைத்திருந்தார்.

மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, எங்கம்மா உங்களுக்கு என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"அப்ப குரூப்ல எதுக்கு இப்படி எழுதுறீங்க? ஊர்ல உள்ள சொந்தமெல்லாம் போன் மேல போன் போடுது."

மாப்பிள்ளை குழுவைத் திறந்தார்.

'மாமியார் சூடாகிக்கொண்டிருக்கிறார்.'

'மாமியார் பதில் சொல்லத் தாமதிக்கிறார்.'

'மாமியாருக்கு இடமில்லை. உடனே கவனிக்கவும்.'

'சித்தப்பா தகவல்: மாமியார் படுத்துவிட்டார். அவரை அணைத்து, சிறிது நேரம் பொறுத்து, மீண்டும் எழுப்பவும்.'

அதற்குக் கீழே மனைவியின் நிஜச் சித்தப்பா கொதித்துப்போய் எழுதியிருந்தார்: 'நான் அப்படிச் சொல்லவே இல்லை. அண்ணியை அணைக்கச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?'

மற்றதெல்லாம் போகட்டும், 'மாமியாருக்கு இடமில்லை' என்ற வரி மாப்பிள்ளையைக் குத்தியது. ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதவன், சொல்லக் கூடாததை ஊருக்கே சொல்லிவிட்டானே என்று தலையில் அடித்துக்கொண்டார். உள்ளறைக்கு ஓடி, மாமியார் சர்வரில் சேர்ந்து கிடந்த பழைய ஃபைல் குப்பையை அள்ளி வீசி இடம் பண்ணினார். அதை அணைத்து எழுப்பிவிட்டு, வீட்டுக்குப் பறந்தார்.

மாமியார் சோபாவில் நேராக உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கில், கைப்பேசி மடியில், கை பெட்டியின் மேல். மகன் வழியில் வந்துகொண்டிருந்தான்.

"எனக்கு இடமில்லன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை. நான் என்ன சண்டைக்கா வரப்போறேன்."

"அத்தை, அது நீங்க இல்ல. அது ஒரு சர்வர். அதுக்குப் பேரு மாமியார்."

"ஓ. அது என்ன வேலை செய்யும்?"

"வேலை ஒண்ணும் செய்யாது அத்தை."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதாவது, மத்தவங்க ஒழுங்கா வேலை செய்றாங்களான்னு பாத்துக்கிட்டே இருக்கும். சின்னக் குறை இருந்தாலும் கண்டுபிடிச்சு நச்சரிக்கும்" என்று மாப்பிள்ளை தன் குழியைத் தானே இன்னும் ஆழமாகத் தோண்டினார்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. அதுக்கு இடமில்லாம போனா தூக்கி வெளியே வச்சிருவீங்களா?"

"ஐயோ, அதை எப்படி? வேற எதையாவது தூக்கிப் போட்டு அதுக்கு இடம் பண்ணுவோம். இன்னைக்கும் அதான் பண்ணேன். அது இல்லாட்டி எங்களுக்குக் கண்ணே இல்ல அத்தை. எல்லாம் கெட்டப்புறம்தான் தெரியும்."

அப்போது சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி, தடதடவென்று உதறி, கருகிய வாடையை வீசியது. மூவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மாமியார் 'நான் அப்போதே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மாப்பிள்ளைக்குத் தேவலாம்போல இருந்தது. எங்கிருந்தோ நாக்கு அவிழ்ந்துகொண்டது.

"நீங்க போயிட்டா இதையெல்லாம் யாரு சொல்வா? எங்க கூடவே இருங்க அத்தை."

பதில் வரவில்லை. பதில் தாமதமானால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டிலேயே அதிகம் தெரிந்தவர் மாப்பிள்ளைதான்.

"இருக்கேன்" என்றார் மாமியார்.

மனைவி ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள், அண்ணன் வந்து பார்க்குமுன். மாமியார் கைப்பேசியும் மனைவி கைப்பேசியும் ஒன்றாக ஒலித்தன. அசட்டுச் சித்தப்பா சர்வர் இப்போதுதான் மறுபடி விழித்துக்கொண்டு எழுதியிருந்தது: 'மாமியார் எழுந்துவிட்டார். தேவையான இடம் இருக்கிறது.' மாமியார் அதைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். ஃப்ரிட்ஜ் இன்னும் உதறிக்கொண்டிருந்தது.

"என்ன மாப்பிள்ளை மரம் மாதிரி நிக்கிறீங்க? சீக்கிரம் அணைங்க."

மாப்பிள்ளை ஒரு கணம் திகைத்தார். பிறகு வருவது வரட்டும் என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்னை இல்ல" என்றார் மாமியார். "ஃப்ரிட்ஜை."