வாய் நிறையத் தண்ணீர்

எனக்கு வாய் அடங்காது. ஒன்பது வருடமாகக் கால் சென்டரில் குப்பை கொட்டுகிறேன். போனில் ஐந்து விநாடி பேச்சில்லாமல் போனால் 'டெட் ஏர்' என்று மார்க்கைக் கழித்துவிடுவார்கள். வீட்டிலும் அதே பழக்கம். யார் யாரைக் கேட்டாலும் பதில் என்னிடமிருந்துதான் வரும். என் மகள் சிந்துவைக் கேட்டால் சொல்லவே வேண்டாம்.

சிந்துவுக்கு ஆறு வயது. டவுன் சிண்ட்ரோம். பிறந்தபோது அழுதேன், அப்புறம் அழ நேரமில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இரண்டு பள்ளிக்கூடம் ஏறி இறங்கினேன். முதல் இடத்தில், "பேரென்ன பாப்பா?" என்றார்கள். "சிந்து," என்றேன் நான். "வயசு?" "ஆறு." "என்ன பிடிக்கும்?" "தயிர் சாதம், மேம்." "ஸ்கூல்ல சேரப்போறது நீங்களா, பாப்பாவா?" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் என்னை வெளியே உட்காரவைத்தார்கள். இரண்டே நிமிடத்தில் பேப்பர் வந்துவிட்டது. ஐந்து கேள்விக்கும் 'பதில் இல்லை' என்று எழுதியிருந்தது.

காக்ஸ் டவுனில் அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சேஷகிரியின் மேஜையில் அந்தப் பேப்பரை வீசாத குறையாக வைத்தேன். என்னைவிட ஐந்து வயது சின்னவர், கன்னடக்காரர்.

"பாப்பாக்கு எல்லாம் புரியுது அக்கா. கேட்டது உள்ள போய், வார்த்தையத் தேடி, வாய்க்கு வர டைம் ஆகும். பத்து செகண்ட் வேணும். நீங்க அதைக் குடுக்கறதே இல்ல."

"நான் குடுக்கலையா? போன வாரம்கூட..."

"சும்னிரி அக்கா!"

சும்மா இருங்கள் என்று கன்னடத்தில் அதட்டுகிறாராம். எனக்குச் சுருக்கென்றது. சிந்து கைதட்டிச் சிரித்தாள்.

அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வாய் நிறைய வெச்சுக்கோங்க. முழுங்கக் கூடாது." பிறகு அவளிடம் திரும்பி, "பந்து எங்கே சிந்து?" என்றார். எட்டு எண்ணுவதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்பதில், "டேபிள் கீழ," என்றாள். பந்து அங்கேதான் கிடந்தது. அன்றிலிருந்து மூன்று மாதம், நான் குடித்த தண்ணீரைவிட வாயில் வைத்துத் துப்பியதுதான் அதிகம்.

மூன்றாவது பள்ளிக்கூடத்தில் அட்மிஷனுக்கு அன்றே கடைசி நாள். இதுவும் கைவிட்டால் இன்னொரு வருடம் அவள் வீட்டில்தான் இருக்க வேண்டும். தலைமையாசிரியை ரத்தினம்மாள் மேடம் மைப்பேனாவைத் திறந்ததுமே நான் ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன்.

"காலையில என்ன சாப்ட்ட கண்ணு?"

ஒன்று. இரண்டு. மூன்று. சிந்து மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான்கில் பேனா விண்ணப்பத்தில் இறங்கியது. 'பதில்' என்று எழுதியும் ஆயிற்று. வந்ததே எனக்குக் கோபம்! எட்டிப் பேனாவைப் பிடுங்கிவிட்டேன்.

"என்னம்மா இது? பேனாவைக் குடுங்க! எதுவா இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லுங்க!"

எப்படித் திறப்பது? கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பியிருந்தன. அப்போது சிந்து நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள்.

"சும்னிரி!"



"தோசை," என்றாள் சிந்து. கொஞ்ச நேரம் கழித்து, "கருகிடுச்சு. அம்மா போன் பேசுச்சு."

அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிரிப்போடு வாயிலிருந்த தண்ணீர் அத்தனையும் விண்ணப்பத்தின் மேல் கொட்டிவிட்டது. 'பதில்' கரைந்து நீலமாக ஓடியது. தொலைந்தோம் என்று நினைத்தேன். துப்பட்டாவால் துடைத்தபடியே பத்து விநாடிக் கதையை ஒரே மூச்சில் சொன்னேன்.

"மன்னிச்சிடுங்க மேடம். ஆனா அவளுக்குத் தெரியலன்னு மட்டும் எழுதாதீங்க. நாம காத்திருக்கலன்னு எழுதுங்க."

மேடம் புது விண்ணப்பம் ஒன்றை எடுத்துவைத்துப் பேனாவுக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். முதல் கட்டம் பெயர். எப்போதும் நானே நிரப்புவது. மேடம் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"உன் பேரு என்ன?" என்று சிந்துவைக் கேட்டார். கேட்டுவிட்டு, மேஜை மேலிருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, விழுங்காமல் உட்கார்ந்தார்.

என் வாயில் இப்போது தண்ணீர் இல்லை. அவள் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஏழு. எட்டு. ஒன்பது.

"சிந்து," என்றாள் என் மகள்.

ஆறு வருடத்தில், வெளியாள் ஒருவரிடம் அவள் தன் பெயரைத் தானே சொல்லி நான் கேட்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடம் உப்பிய கன்னத்தோடேயே எழுத ஆரம்பித்தார்.