பதினைந்தாவது கேள்வி

மண்ணச்சநல்லூர் சுரேஷ்குமாரின் படிவம் தபாலில் வந்த அன்றே லூர்துராணிக்கு உறுத்தியது. சுரேஷ்குமார் மூன்று அரிசி ஆலைகளுக்கு முதலாளி. போன வருடம் சொந்தமாக ஹெலிகாப்டர் வாங்கினார். அது வருடம் முழுக்கச் சேர்த்து ஆறு மணி நேரம்தான் பறந்ததாம். விமான நிலையத்தைத் தவிர வேறெங்கும் இறங்கவே இல்லையாம். பதினைந்தாவது கேள்வி, பறக்கும்போதோ இறங்கும்போதோ யாருக்காவது காயம் ஏற்பட்டதா என்பது. அதற்கு நேரே 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

மன்னார்புரத்தில் லூர்துராணி வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே வாரத்துக்கு இரண்டு தடவை அந்தச் சிவப்பு ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போகும். ஆறு மணி நேரமாம்!

புள்ளிவிவர அலுவலகத்தில் அவள் இருபத்திரண்டு வருடமாகக் கள ஆய்வாளர். நெல் விளைச்சல், வீட்டுச் செலவு, விசைத்தறி என்று எதையெல்லாமோ கேட்டு எழுதியிருக்கிறாள். இந்த வருடம் தனியார் விமானங்கள். சொந்த விமானமோ ஹெலிகாப்டரோ வைத்திருப்பவர்கள் எத்தனை மணி நேரம் பறந்தார்கள், எங்கெங்கே இறங்கினார்கள் என்று கேட்டு அனுப்ப வேண்டும். தீயணைப்பு வண்டி எங்கே நிற்க வேண்டும், இறங்குதளம் எங்கே வேண்டும், எதில் ஆபத்து அதிகம் என்பதெல்லாம் இந்த எண்களை வைத்துத்தான் முடிவாகும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அவள் அதை அப்படியே நம்பினாள். எழுதுகிற எண் பொய்யானால் அதன் மேல் கட்டுவதெல்லாம் பொய் என்பது அவள் கட்சி.

பஸ் பிடித்து ஆலைக்கே போனாள். சுரேஷ்குமார் மரியாதையாகக் காபி வரவழைத்தார்.

"அதான் எழுதி அனுப்பிட்டோமே மேடம்?"

"மணிக்கணக்கு இடிக்குது சார். பறந்த நேரம் எழுதுற லாக் புக்கை ஒரு தடவை காட்டினீங்கன்னா சரி பண்ணிக்கலாம்."

"நீங்க நெல்லு கணக்கு எடுக்கிறவங்கதானே? அதுல ரெண்டு மூட்டை முன்னப்பின்ன இருந்தா என்ன ஆயிடப்போகுது? இதையும் அப்படியே விட்ருங்க."

"உங்க பேரு வெளிய போகாது சார். மொத்தத்துல ஒரு எண்ணா சேரும், அவ்வளவுதான். அதுக்காகவாவது உண்மையைச் சொல்லுங்க."

"இல்லைன்னா இல்லைதான். காபி ஆறுது, குடிங்க."

அவள் காபியைத் தொடாமல் எழுந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஆலைப் பக்கமிருந்து ஒருவன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். முப்பது வயது இருக்கும். பெயர் ஆசீர், அந்த ஹெலிகாப்டரின் பைலட் என்றான். கையில் லாக் புக்.

"பைலட்டும் பதில் சொல்லலாம்னு படிவத்துல இருக்காமே மேடம்?"

"இருக்கு. ரெண்டாம் பக்கம்."

நிறுத்தத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தே எழுதினார்கள். எழுபத்து நான்கு மணி நேரம். விமான நிலையத்துக்கு வெளியே முப்பத்தோரு இடங்களில் இறக்கம்: கல்லூரி மைதானம், கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம், கொள்ளிடத்து மணல். பதினைந்தாவது கேள்வி வந்ததும் ஆசீரின் குரல் இறங்கியது.

"தை மாசம் ஒரு கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளைய ஸ்ரீரங்கத்துப் பக்கம் கொள்ளிடத்துல இறக்கணும்னாங்க. கரையில கடைங்க இருக்கு, தள்ளி இறக்குறேன்னேன். முதலாளி பக்கத்துல உக்காந்துக்கிட்டு, 'கேமராக்காரன் அங்கதான் நிக்கிறான், கிட்டப் போ'ன்னாரு. போனேன். விசிறிக் காத்துல ஒரு கடையோட கூரைத் தகரம் பிச்சுக்கிட்டுப் பறந்துச்சு. ஒரு அம்மா கையைக் கிழிச்சிடுச்சு."

"நீங்க இறங்கிப் பாத்தீங்களா?"

"உடனே கெளம்பச் சொல்லிட்டாரு மேடம்."

"நான் அவரைக் கேக்கலை. உங்களைக் கேட்டேன்."

"பாக்கலை," என்றான்.

அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனாலும் இவன் ஒருவனாவது ஓடி வந்தானே. கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

காயத்தின் தன்மை என்ன என்று ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. அதை நிரப்ப மறுநாள் கொள்ளிடக் கரைக்குப் போனாள். வெள்ளரிப்பிஞ்சும் அவித்த சோளமும் விற்கும் காளியாயியைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரி. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தையல் தழும்பு. இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிக்கொண்டே பேசினாள்.

"மில்லுக்காரங்கதான் புத்தூர்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நான் மயக்கத்துல கெடந்தேன். முழிச்சுப் பாத்தா, காத்துல தகரம் விழுந்துச்சுன்னு சொல்லி எழுதியாச்சு. எல்லாரும் காத்து காத்துங்கறாங்க. எனக்கே காத்துதானோன்னு ஆயிப்போச்சும்மா."

லூர்துராணி குனிந்து எழுதினாள். பேனா தாளைக் கிழித்தது.

அலுவலகத்தில் அவளுடைய மேலதிகாரி ஹரிஹரசுதன் இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"லூர்துராணி, இது சர்வே. போலீஸ் விசாரணை இல்ல."

"நான் விசாரிக்கலை சார். கேட்டேன், சொன்னாங்க, எழுதினேன்."

"முதலாளி கொடுத்த பதில்தான் பதில்."

"பைலட் கையெழுத்தும் செல்லும்னு நம்ம கையேட்டுலேயே இருக்கு."

"மேலேர்ந்து ரெண்டு போன் வந்துடுச்சும்மா. எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம் இருக்கு. வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டது எப்படி என்று நான்கு நாள் கழித்துத் தெரிந்தது. கணினியில் அந்த ஹெலிகாப்டரின் வரியைத் திறந்தாள். ஆறு மணி நேரம். வெளி இறக்கம் சுழி. காயம் இல்லை. சரிபார்த்தவர்: எஸ். லூர்துராணி.

நாற்காலி பின்னால் சாய, எழுந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அலுவலகம் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

"என் பேரை யாரு போட்டது?"

டைப் அடிக்கிற சத்தமெல்லாம் நின்றது. ஹரிஹரசுதன் கதவருகே வந்து நின்றார். "மெதுவா பேசுங்க."

"ஒரு பொம்பளைக்கு விரல் மடங்கலை சார். அதை நீங்க இல்லைன்னு எழுதினா அது உங்க பாவம். என் பேரைப் போட்டு எழுதுறதுக்கு உங்களுக்கு யாரு உரிமை கொடுத்தா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அது அவளை இன்னும் எரியவைத்தது. சண்டை போட்டிருந்தாலாவது ஆறியிருக்கும்.

அந்தச் சரிபார்ப்பு தன்னுடையது அல்ல என்று டெல்லி அலுவலகத்துக்கு எழுதி, பைலட் கையெழுத்திட்ட பக்கத்தின் நகலையும் அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது. தகவலில் முரண்பாடு இருப்பதால் அந்த வரியையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்களாம். பொய்யை எடுத்தார்கள், கூடவே உண்மையையும் எடுத்துவிட்டார்கள். அரசாங்கக் கணக்கில் அந்த ஹெலிகாப்டரே இல்லை. அதே வாரம் லூர்துராணியை அந்த ஆய்விலிருந்து விடுவித்து வீட்டுச் செலவு கணக்கெடுப்புக்கு மாற்றினார்கள்.

ஆய்வில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம். அவள் அதை மீறுகிறவள் இல்லை. நாளைக்கு எந்த வீட்டுக்காரி அவளை நம்பிப் பதில் சொல்வாள்? மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள்தான் புத்தியில் பட்டது. தான்தானே சொல்லக் கூடாது? காளியாயி சொல்லலாமே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே கொள்ளிடக் கரைக்குப் போனாள்.

"நான் எதையும் சொல்ல முடியாதும்மா. என் வேலை அப்படி. ஆனா கை உங்க கை. நீங்க சொல்லலாம். ஸ்டேஷன் வரைக்கும் நான் கூட வரேன்."

காளியாயி யோசிக்கவே இல்லை. கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்தாள். "அது காத்தில்லைன்னு யாராவது ஒருத்தர் காதுல விழட்டும். வாங்க."

கிளம்புமுன் லூர்துராணி ஆசீருக்கு ஒரு போன் போட்டாள். "அன்னைக்கு நீங்க இறங்கிப் பாக்கலை. இப்ப அந்தம்மா ஸ்டேஷனுக்குப் போறாங்க. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

எஸ்.ஐ. பொறுமையாகவே கேட்டார். "நாலு மாசம் ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிச் சீட்டுல காத்துன்னு இருக்கு. சாட்சி யாராவது இருக்காங்களாம்மா?"

லூர்துராணி உதட்டைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தெரிந்ததையெல்லாம் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதைப் போல் ஒரு கொடுமை அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை. காளியாயி தழும்பை நீட்டி, "இது காத்து போட்ட கோடா சார்? நீங்களே பாருங்க," என்று மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு ஆசீர் வந்தான். முதலில் காளியாயியின் கையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பினான்.

"நான்தான் சார் சாட்சி. ஓட்டினதும் நான்தான்."

காளியாயி அவனை ஏற இறங்கப் பார்த்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா தம்பி?" என்றாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் பதிலுக்குக் கும்பிடவில்லை.

புகார் பதிவானது. விசாரணை முடியும்வரை ஹெலிகாப்டர் பறக்கத் தடை. ஆசீருக்கு வேலை போயிற்று. உரிமமும் ஆறு மாதத்துக்கு முடக்கம். சுரேஷ்குமார் அன்றைக்குத் தான் ஊரிலேயே இல்லை என்று வக்கீல் மூலம் சொல்லியிருக்கிறார். வழக்கு நடக்கிறது. காளியாயி ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையை மூடிவிட்டுப் போய் வருகிறாள்.

ஆய்வறிக்கை புரட்டாசியில் வெளிவந்தது. திருச்சி மாவட்டம், விமான நிலையத்துக்கு வெளியே இறங்கியதால் காயமடைந்தோர்: இல்லை. லூர்துராணி அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அந்த ஒரு சொல்லுக்குச் சிவப்பில் வட்டம் போட்டாள். டெல்லிக்கு இரண்டாவது கடிதத்தை அன்று மாலையே எழுத உட்கார்ந்தாள். பதினைந்தாவது கேள்வியிலிருந்தே தொடங்கினாள்.