கேட்ச் பிடித்தது யார்

“கடைசி கேட்ச் நீங்க புடிச்சதுதானேப்பா? கேப்டன் இல்லையே?”

சின்னவள் அப்பாவின் காதருகே குனிந்து கேட்டாள். அவர் உள்ளங்கையில் வைத்திருந்த அவள் விரலை அந்தக் கை மெல்ல இறுக்கிப் பிடித்தது.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பழைய கிரிக்கெட் மேட்சுகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவள் அவள். அப்பா ஆடி ஜெயித்த ஃபைனலைப் பற்றிய அத்தியாயம் மட்டும் இந்த ஒரு கேட்சால் நொண்டியடித்துக்கொண்டிருந்தது. ஒரு பத்திரிகை கேப்டன் பிடித்தார் என்றது. இன்னொன்று அப்பா என்றது. கூட ஆடியவர்களில் யாரும் இப்போது இல்லை. அப்பாவோ, எத்தனை தடவை துளைத்தெடுத்தாலும், “எவன் புடிச்சா என்ன, ஜெயிச்சோம்ல” என்று சிரித்து மழுப்பிவிடுவார். இப்போது பக்கவாதத்தில் பேச்சு போய், கண்ணும் திறக்காமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். இன்றைக்குத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

கையைப் பிடிக்கிறார் என்று முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். “வலி இல்லையேங்க?” என்று கேட்டாள், பிடித்தார். அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. “நான் வந்திருக்கேன்ப்பா, தெரியுதா?” என்று சின்னவள் கேட்டதற்கும் பிடித்தார்.

அப்புறம் அண்ணன். “பழைய மேட்ச் கதைய பேசிப் பேசியே எங்கள நடுத்தெருவுல விட்டுட்டீங்க” என்று அப்பாவின் நண்பர்கள் முன்னால் கத்திவிட்டுப் போனவன், பல வருஷமாக வீட்டு வாசலை மிதிக்காதவன். கட்டிலருகே வந்து அப்பாவின் உள்ளங்கையில் விரலை வைத்து, “என்மேல கோவம் இல்லையேப்பா? மன்னிச்சிட்டீங்கதானே?” என்றான். அப்பா பிடித்தார். அவ்வளவு பெரிய ஆள் நர்ஸ் முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதான். இப்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போயிருக்கிறான்.

ஆக, கேட்ச் அப்பாவுடையதுதான். அத்தோடு அவள் விட்டிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. பழைய ஆட்டக்காரர்களிடம் பேசும்போது, நடக்காத ஒன்றையும் நடுவில் நுழைத்துக் கேட்பது அவள் வழக்கம். ஒருமுறை ஒரு பெரியவரிடம், “அன்னைக்கு கிரவுண்டுக்குள்ள குதிரை ஓடி வந்துச்சாமே?” என்று கேட்டாள். “வராம? நான்தானே வெரட்டினேன்!” என்றார் அவர், வாய் கூசாமல். அவர் சொன்ன எதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவரின் ஆமாமை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்பாவிடமும் ஒன்று கேட்டுவிட்டால் நிம்மதியாக எழுதலாம் என்று நினைத்தாள்.

“அந்த மேட்ச்ல நாம தோத்துட்டோம், இல்லப்பா?”

அதற்கு மட்டும் அவர் செத்தாலும் ஆமாம் சொல்லமாட்டார். கை பிடித்தது.

சரியாகக் கேட்டிருக்காது. “தோத்துட்டோமாப்பா?” என்று சத்தமாகவே கேட்டாள். பிடித்தது. விரலை உருவிக்கொண்டு, ஒன்றுமே கேட்காமல் மறுபடி வைத்தாள். அதற்கும் பிடித்தது.

“வேணாம்ப்பா. இதுக்குப் புடிக்காதீங்க. ஒரே ஒரு தடவ கைய விடுங்கப்பா. ஜெயிச்சோம்ப்பா நாம, விடுங்க…” அவள் கெஞ்சக் கெஞ்ச அந்தக் கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

மருந்துப் பாட்டில் மாற்ற வந்த நர்ஸ் தயங்கி நின்றாள். “உள்ளங்கையில எது பட்டாலும் அப்படித்தான்மா புடிக்கும். அது தானா நடக்குறது. உங்கம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டாங்களா, எனக்குச் சொல்ல மனசு வரல.”

கேட்ச் போனால் போகிறது. வலி இல்லை என்றதும் போயிற்று. அண்ணனுக்குக் கிடைத்த மன்னிப்பு போயிற்று. தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அப்பாவுக்குத் தெரியும் என்று இனி எதை வைத்து நம்புவது? கேட்காமல் இருந்திருக்கக்கூடாதா பாவி, என்று கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

அண்ணன் அவளுக்கும் டீ வாங்கி வந்திருந்தான். “வேற ஏதாவது கேட்டியா? புடிச்சாரா?”

“இல்ல. தூங்குறாரு.”

சாயங்காலம் அப்பா போய்விட்டார்.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். அப்பாவின் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணன், அப்பா கையைப் பிடித்துத் தன்னை மன்னித்த கதையையே சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டுக் கேட்டுப் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“டேய், அவனுக்கு நினைவே இல்லன்னுதானே டாக்டர் சொன்னாரு? உயிரோட இருந்தப்ப எட்டிப் பாக்கல. இப்ப மன்னிச்சான் கின்னிச்சான்னு கதை விடுறியா?”

அண்ணனின் முகம் செத்துவிட்டது. “சத்தியமா பெரியப்பா… பாப்பா, நீ பக்கத்துலதானே இருந்த? சொல்லேன்.”

அம்மாவும் தலையை நிமிர்த்திச் சின்னவளைப் பார்த்தாள்.

“ஆமா பெரியப்பா. நான் பாத்தேன்.”

“நல்லாத் தெரியுமா? நீ எதையும் லேசுல நம்புறவ இல்லையே.”

“நல்லாத் தெரியும். அவருக்கு எல்லாமே புரிஞ்சுது.”

பெரியப்பா அண்ணனின் தோளில் கையை வைத்தார். அம்மா அப்பாவின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

செல்போன் அதிர்ந்தது. பதிப்பாளர். மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்து, புத்தகம் இன்று அச்சுக்குப் போகிறது, கேட்ச் யாருடையது என்று உறுதியாகிவிட்டதா என்று கேட்டு எழுதியிருந்தார். ‘அப்பா பிடித்தது’ என்று தட்டினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள். ‘தெரியவில்லை என்றே போட்டுவிடுங்கள்’ என்று எழுதி அனுப்பினாள்.

வாசலில் புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். அண்ணன் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: “கேட்ட உடனே கையப் புடிச்சாருங்க. தங்கச்சி பக்கத்துலயே இருந்து பாத்தா. வேணும்னா அவகிட்டயே கேளுங்க.”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையசைத்தாள்.